மூன்று எஞ்சின் பூட்டிய லேப்டாப்

வள்ளத்துக்கு ஓர் எஞ்சின் பூட்டினால் ஒரு வேகம், இரண்டு பூட்டினால் இன்னும் வேகம், மூன்று பூட்டினால் கரையில் நிற்பவன் வாயைப் பிளப்பான். சிறு வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே, லேப்டாப்பில் மூன்று மொபைல் நெட்டைப் பூட்டினால் அதுவும் மும்மடங்கு பாயும் என்று நம்பினேன். சும்மா நம்பவில்லை. புதுக்கடை என்ற ஊரில் நான் கிளார்க்காக இருந்த பள்ளிக்கூட ஆபீசில், கேட்காதவர்களையும் உட்காரவைத்து விளக்கினேன்.

அதோடு நின்றிருக்கலாம். மச்சினனுக்கு இண்டர்வியூ வந்துவிட்டது.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, எங்கள் கரையில் வள்ளத்து எஞ்சின் பழுதுபார்ப்பவன். கல்ஃபில் ஒரு படகுக் கம்பெனிக்கு மெக்கானிக் தேவை. மும்பையில் உள்ள ஏஜென்ட் ஆபீசிலிருந்து செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு வீடியோவில் பேசுவார்கள். ஏற்கெனவே இரண்டு இடத்தில் அவனுக்குக் கைக்கெட்டி நழுவியிருந்தது. இதுவும் போனால் பாஸ்போர்ட்டை அடுப்பில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

"பிரவுசிங் சென்டருக்குப் போயிரலாமா அத்தான்?"

"நான் ஒருத்தன் இங்க இருக்கேன். பிறகு உனக்கு என்னத்துக்கு மக்கா பிரவுசிங் சென்டரு?"

என் நெட் டாங்கிள், மனைவியின் போன், அவனுடைய போன். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் புரோகிராம் ஒன்று கிடைத்தது. பதினைந்து நாள் இலவசம். போன்களைக் கேபிளில் மாட்டினேன். டாங்கிளை நீளக் கேபிள் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டி, அதன் பின்னால் சருவம் என்கிற வாயகன்ற அலுமினியப் பாத்திரம் ஒன்றைச் சாய்த்து வைத்தேன். சிக்னல் அதில் பட்டுத் திரும்பும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

"அது மீன் கழுவுத சருவமாக்கும்," என்றாள் மனைவி.

"இன்னைக்கு அது ஆன்டெனா."

"எனக்க தம்பிக்க சோலியில வெளையாடாதீங்க, கேட்டியளா."

மச்சினன் எஞ்சின்காரனாகவே யோசித்தான். "மூணும் ஒரே வேகத்துல ஓடணுமே அத்தான். ஒண்ணு மெதுவா ஓடுனா வள்ளம் கெடந்து வட்டம் சுத்தும்."

"லேய், நீ எஞ்சினப் பாரு. நெட்ட நான் பாத்துக்கிடுதேன்."

மூன்று மணி ஆயிற்று. மச்சினன் கழுத்துவரை பொத்தான் போட்டு, அசையக் கூடாது என்ற என் கட்டளைப்படி, ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க வந்தவனைப்போல உட்கார்ந்திருந்தான். திரையில் அவன் முகம் அவனுக்கே தெரிந்தது. மும்பை தெரியவில்லை. நடுவில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"வட்டம் சுத்துது அத்தான்," என்றான், உதட்டை அசைக்காமல்.

பத்து நிமிடத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கரண்ட் மிச்சமானால் நெட்டுக்கு உதவும் என்று ஃபேனை நிறுத்தினேன். கேபிள் முனைகளை வேட்டித் தும்பால் துடைத்தேன். சருவத்தை இடப்பக்கம் திருப்பினேன், வலப்பக்கம் திருப்பினேன். மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். இணைப்புக்கு ஒன்று வீதம் மூன்று.

அந்த நேரம் பார்த்து மச்சினனின் போனுக்கு ஒரு கால். அந்தக் காலத்துப் போனில் கால் வந்தால் நெட் நின்றுவிடும். மூன்று எஞ்சினில் ஒன்றை இழப்பதா? காலர் டியூன் வைக்கச் சொல்லும் கம்பெனிப் பெண் என்று முடிவுகட்டி வெட்டினேன். மீண்டும் வந்தது. வெட்டினேன். மூன்றாவது முறையும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன். நம்பர் 022 என்று தொடங்கியது. அது மும்பையின் எண் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூட ஆபீஸ் சுவரில் எஸ்டிடி எண்களின் பட்டியலை ஒட்டியவனே நான்தான். பயந்தால் எனக்குப் படித்ததெல்லாம் கடலோடு போய்விடும்.

நான்காவது முறை மனைவி குறுக்கே கையை நீட்டி, கேபிளைப் பிடுங்கிப் போனைக் காதில் வைத்தாள்.

"போச்சு, எல்லாம் போச்சு," என்று நான் தலையில் கைவைத்தேன்.

"கொஞ்சம் சும்மா இரிங்க. லேய் மக்கா, யாரோ இங்கிலீசுல பேசுதாவ. உன் பேரச் சொல்லிக் கேக்காவ."

மச்சினன் போனோடு முற்றத்துக்கு ஓடினான். ஜன்னல் வழியாக, சருவத்துக்கும் கம்பிக்கும் நடுவே காதை நுழைத்துக் கேட்டேன். கார்புரேட்டர் என்றான். புரொப்பெல்லர் என்றான். பிறகு உரக்க, "டூ எஞ்சின், சேம் ஸ்பீட் சார். நோ சேம் ஸ்பீட், போட் ரவுண்ட் ரவுண்ட் கோயிங் சார்."

ஆறு நிமிடத்தில் திரும்பி வந்தான். மூன்றாவது பொத்தான்வரை கழற்றியிருந்தான்.

"கெடச்சிட்டு அத்தான். விசா அனுப்புவாங்களாம்."

மனைவி அவன் தலையைப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு மீன் கழுவப் போனாள். எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அப்போ வீடியோ?"

"அதச் சொல்லத்தான் அவரு கூப்பிட்டுட்டே இருந்தாராம். ஏன் வெட்டிட்டே இருந்தேன்னு கேட்டாரு. டவர் சரியில்லன்னு சொல்லிட்டேன்."

மும்பை ஆபீசில் அன்று காலையிலிருந்தே நெட் இல்லை.