வேர்க்காத குதிரை

ஆரணியில் எங்கள் கொட்டகையில் ஜட்கா குதிரைகளைக் கட்டிப் பராமரிக்கிறோம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் பத்தாவது முடித்தவள் நான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

போன ஐப்பசியில் முள்ளிப்பட்டு ஜட்காக்காரர், மைசூர்ப் பக்கமிருந்து புதிதாக வாங்கிய குதிரையை எங்களிடம் விட்டுவிட்டு, மனைவியின் பிரசவத்துக்காக வேலூர் போனார். அவருக்குப் பிழைப்பே அந்தக் குதிரைதான். கடலில் புயல் என்று ரேடியோ சொன்னது. காற்றே இல்லை, உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. மற்ற குதிரைகள் வேர்வையில் நனைந்து நின்றன. இது மட்டும் காய்ந்த உடம்போடு மூச்சு வாங்கியது.

"இன்னான்னு பாருடி" என்றாள் அம்மா.

"வேர்க்கவே இல்ல, ஜம்முனு இருக்குது. உனுக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

மத்தியானம் அது முன்கால் மடங்கிச் சரிந்தது. அம்மா ஓடிவந்து கழுத்தில் கைவைத்தாள்.

"அய்யோ, அடுப்பாட்டம் கொதிக்குதுடி! வேர்க்க முடியாமத்தான் தவிச்சிகினு இருந்துக்குது. ஜல்தி தண்ணி கொண்டா!"

குடம் குடமாக ஊற்றியும் அதன் கண்கள் செருகின. "செத்துடாத, செத்துடாத" என்று அதனிடம் அழுதேன். சாயங்காலம் மழை கொட்டத் தொடங்கிய பிறகுதான் அது தலையைத் தூக்கியது.

மூன்றாம் நாள் வந்த ஜட்காக்காரர், தெருவில் விஷயம் கேள்விப்பட்டு, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"படிச்ச பொண்ணு இருந்ததாலதாம்மா பொழச்சுது."

பக்கத்தில் அம்மா கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"பரவால்லீங்க" என்றேன்.

அம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.