இத்தா அறையில் ஓர் ஆண்குரல்

ராத்தாவின் புருஷன், என் மச்சான், மவுத்தாகி இரண்டாவது மாதம். என் மூத்த சகோதரியான ராத்தா, புருஷன் இறந்த பெண் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அவள் வாசல் தாண்டக்கூடாது. கூடப்பிறந்தவனைப் போன்ற நெருங்கிய உறவு தவிர வேறு ஆண்கள் அவளைப் பார்க்கவும் கூடாது. வாப்பா எப்போதோ இறந்துவிட்டார். ஆகவே அந்த வீட்டுக்குள் போய்வரக்கூடிய ஒரே ஆண் நான். நானும் கல்யாணம் முடித்த நாள் முதல் இரண்டு தெரு தள்ளி மனைவியின் வீட்டில் இருப்பவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் குடிபோக வேண்டும்.

ஒரு நாள் கடையிலிருந்து பிந்தி வந்து, மூன்று மணி தாண்டிப் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். மனைவி சோற்றைப் போட்டாள், கறியைப் போடாமல் நின்றாள்.

“இஞ்சருங்க, ஒண்டு செல்லுவன். கோவிக்கப்படா.”

“செல்லு.”

“மதினிட ஊட்டுக்கு முன்னால இரிக்கிற மாமி, நேத்து அசருக்குப் பொறகு மதினியப் பாக்கப் போயிரிக்காவு. அறைக்குள்ள ஒரு ஆம்புளக் குரல் கேட்டிச்சாம். உள்ளுக்குப் போகாம அப்படியே திரும்பிட்டாவாம்.”

“என்ட குரலா இரிக்கும்.”

“நீங்க நேத்துப் போகல்லயே.”

அது உண்மை. நான் நேற்று முழுக்கக் கல்முனை பசாரில் என் போன் கடையில் இருந்தேன். கையைக் கழுவிவிட்டு எழும்பினேன். மாமி இதை என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. இன்னும் இரண்டு பேரிடம் சொன்னால் பொழுதுபட்டு மகரிபு ஆவதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். ராத்தா படிப்பிக்கிறவள். இத்தாவில் இருக்கும்போது அறைக்குள் ஆண்குரல் கேட்டது என்று ஒரு பேச்சு கிளம்பினால், அவள் எந்த வகுப்பில் போய் நிமிர்ந்து நிற்பாள்? மச்சானின் ஆட்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று உம்மா சொல்வது சும்மா இல்லை. வீட்டை விட்டு இறங்கும்போது கோபம் மாமியின் மீது இருந்தது. சந்தி திரும்பும்போது, இதைச் சொன்ன மனைவியின் மீது வந்தது. ராத்தாவின் வாசல் கேற்றைத் திறக்கும்போது அது ராத்தாவின் மீது போய் நின்றது. அந்த மாற்றத்தை நான் கவனித்தேன், ஆனாலும் நிறுத்தவில்லை.

பின்னேர அசர் தொழுகை நேரம். உம்மா பின்பக்கம் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. அவவுக்குக் காது மந்தம், நான் வந்தது தெரியவில்லை. அறைக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. ராத்தா உள்ளே தொழுதுகொண்டிருக்க வேண்டும். அவளுடைய போன் மண்டப மேசையில் சார்ஜில் கிடந்தது. அதற்குப் பூட்டு இல்லை.

எடுத்தேன். வந்த அழைப்புகளைப் பார்த்தேன். என் நம்பர், என் மனைவியின் நம்பர், அவளோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருத்தி. பிறகு மெசேஜ்களைத் திறந்தேன். மச்சானுக்கு அவள் கடைசியாக அனுப்பிய மெசேஜ் இருந்தது: வரும்போது ராச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அதையும் வாசித்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன்.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து ஓர் ஆண் கதைத்தார்.

“கேக்குதா? கேக்குதா? செல்லு, செல்லு.”

போனை மேசையில் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன். ராத்தா முசல்லாப் பாயில் நெற்றியை வைத்து சுஜூதில் இருந்தாள். வேறு ஒருவரும் இல்லை. மேசையில் மச்சானின் பழைய கொம்பியூட்டர் இருண்டு கிடந்தது. அதற்கு இரண்டு பக்கமும் இருந்த ஸ்பீக்கர்களில் ஒன்றில் மட்டும் பச்சை வெளிச்சம் எரிந்தது. அந்த ஸ்பீக்கர் மறுபடியும் பேசியது.

“ஐஸ் எவ்வளவு கிடக்கு? சரி, அப்ப நாளைக்கு விடிய ஒலுவில் ஹாபருக்குள்ள எடு.”

மீன்பிடிப் படகுகள் வைத்திருக்கும் பக்கத்து வளவுப் போட்டுக்காரரின் குரல். ஜன்னலால் பார்த்தால் அவருடைய மேல்மாடியில் புதிதாக நட்ட ஏரியல் தெரிந்தது. கடலில் நிற்கும் தன் போட்டுகளோடு வயர்லஸ் செட்டில் கதைக்கிறார். போட்டில் இருப்பவர்களின் பதில் மட்டும் எங்களுக்குக் கேட்கவில்லை.

ராத்தா தொழுகையை முடித்து, சலாம் கொடுத்துத் திரும்பினாள். “என்ன தம்பி, பேயறஞ்ச மாதிரி நிக்காய்?”

“இது எப்ப இரிந்து?”

“ஏரியல் நட்டதில இரிந்துதான். கொம்பியூட்டர ஓஃப் பண்ணி நூத்தாலும் அவர் கதைக்கார்.”

“ஸ்பீக்கர நூக்கிறதுதானே?”

“சுவிச் பழுது. நூத்தா திரும்ப எரியாது. எனக்கு குர்ஆன் கேக்க வேற என்ன இரிக்கி?”

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமி சொன்னதை அவளிடம் சொன்னேன். போனைப் பார்த்ததைச் சொல்லவில்லை. அவள் முகம் ஒரு நொடியில் செத்துப்போனது. “நான் இதுக்குள்ள ஆர வெச்சிரிக்கன்டாம்?” என்று மட்டும் கேட்டாள்.

பாண்டிருப்பில் ரேடியோ, டீவி திருத்தும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரைப் போனில் அழைத்து, ஸ்பீக்கர் கதைப்பதைச் சொன்னேன்.

“கொண்டு வாங்க, பாப்பம். இல்லாட்டி நான் வாறன்.”

“கழட்டினா திரும்ப எரியாது அண்ண. நீங்க வரவும் ஏலா, ராத்தா இத்தாவில.”

“ஓ, ஓம் ஓம். அப்ப போன்லயே செய்வம். சத்தத்தக் குறைச்சுப் பாருங்க.”

திருகியைக் கடைசி வரை குறைத்தேன். போட்டுக்காரர் குறையவில்லை. கொம்பியூட்டரில் செருகியிருந்த வயரைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். குரல் கொஞ்சம் இறங்கியது, நிற்கவில்லை. ஒரு ஸ்பீக்கரிலிருந்து மற்றதற்குப் போகும் வயர் எவ்வளவு நீளம் என்று கேட்டார். அது ஜன்னலோரமாக ஓடி, மேசைக்குப் பின்னால் தொங்கியது. அதைச் சுருட்டிக் கைக்குள் பிடித்தபோது குரல் தூரப் போனது.

“அதுதான். ஸ்பீக்கர்ல பிழ இல்ல. வயர்தான் ஏரியலா நிக்குது. கறுப்பு வளையம் ஒண்டு தாறன். வயர அதுக்குள்ளால ஆறேழு சுத்துச் சுத்துங்க, மிச்சத்தக் கட்டி வைங்க. நிண்டுரும்.”

போய் வளையத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வயரைக் கையில் எடுத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. இதைத் திருத்திவிட்டால் எதைக் காட்டுவது? ஸ்பீக்கர்தான் கதைத்தது என்று சொன்னால் மாமி தலையை ஆட்டுவார், நம்பமாட்டார். போட்டுக்காரரைக் கொஞ்சம் கதைக்கச் சொல்லலாம் என்றால் அவர் ஏன் என்று கேட்பார், கதை இன்னொரு வீட்டுக்குப் போகும். வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அசருக்கு என் மனைவி மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் ராத்தாவின் அறையில் உட்கார்ந்தார்கள். நான் மண்டபத்தில், கதவுக்கு இந்தப் பக்கம். தேத்தண்ணி போனது. மாமி கட்டிலையும் அலுமாரியையும் பார்த்துக்கொண்டு இருந்தாராம், மனைவி பிறகு சொன்னாள். கால் மணி நேரம் ஆனது. போட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. மற்ற நாட்களில் நிறுத்தாமல் கதைக்கிற மனிதர்! அவரை மனதுக்குள் நான் ஏசாத ஏச்சில்லை. போட்டெல்லாம் கரைக்கு வந்துவிட்டால்? செட் பழுதாகிவிட்டால்? மாமி எழும்புகிற சத்தம் கேட்டது. “அப்ப நான் வாறன் மகள்” என்றார்.

“கேக்குதா? கேக்குதா?”

மாமி பதறி முக்காட்டை முகம் வரை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாராம். போட்டுக்காரர் அன்றைக்கு மீன் விலை, ஐஸ், டீசல் என்று மூச்சு விடாமல் கதைத்தார். ராத்தா ஸ்பீக்கரைத் தூக்கி மாமியின் காதருகில் பிடித்தாள்.

“யா அல்லாஹ், நம்மட போட்டுக்காரர்தானே!” என்றார் மாமி. முக்காட்டைத் தளர்த்தினார். பிறகு, “மன்னிச்சுக்கோ மகள். நான் ரெண்டு பேர்ட்டச் செல்லிட்டன். இப்பவே போய்த் திருத்திச் செல்றன்” என்றார். சொன்னபடியே போனார். என் மனைவியும் கூடவே போனாள்.

நான் அறைக்குள் போய் வயரை வளையத்துக்குள்ளால் ஏழு சுற்றுச் சுற்றினேன். மீதியைக் கட்டினேன். ஸ்பீக்கர் அமைதியானது. ஜன்னலுக்கு வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் அவர் மெதுவாகக் கதைப்பது கேட்டது. இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிற்று. பெரிதாக ஏதோ சாதித்தவன் போலச் சிரித்துக்கொண்டு ராத்தாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“மாமி வெளியில நிண்டு கேட்டிட்டுப் போனாவு. இண்டைக்கு வந்து மன்னிப்புக் கேட்டாவு” என்றாள். “நேத்து நான் தொழுதிட்டு வரக்குள்ள, என்ட போன் மெசேஜில திறந்தபடி கிடந்திச்சி. மச்சானுக்கு அனுப்பினதும் தெரிஞ்சிச்சி.”

நான் கட்டிய வயர் முடிச்சை மறுபடி இறுக்கினேன்.

“அந்த நேரம் பாத்து போட்டுக்காரர் கதைக்காட்டி, தம்பி, நீ என்ன செஞ்சிரிப்பாய்?”

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

“தெரியா ராத்தா” என்றேன்.

“எனக்கும் தெரியா” என்றாள். முசல்லாவை மடித்துக் கட்டிலில் வைத்தாள். “போய்ச் சாப்பிடு. உம்மா மீன் பொரிச்சி வெச்சிரிக்கா.”