தண்ணீர் ஊற்றிய பிள்ளை

1950களின் நடுவில் நடந்தது இது. மொரிஷியஸ் தீவின் போர்ட் லூயிஸில், டிராங்கெபார் என்ற பேட்டைப் பக்கத்து மாதா கோயிலில், ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து வந்தேன். பாடம், அரட்டை எல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான். டீச்சரம்மா என்பதுபோல என்னை 'மாம்செல்' என்று கூப்பிடுவார்கள். வாயாடிப் பட்டாளம், சுவரில் பல்லி ஓடினாலும் பாடம் நின்றுவிடும்.

அன்று கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கதை. ஜாடிகளை அவர் தொடவே இல்லை, வேலைக்காரர்கள் தண்ணீர் ஊற்றினார்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொண்டார் என்று சொன்னேன்.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். தாய் இல்லாத பிள்ளை. அப்பா துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்குபவர்.

"ரம்மைத் தண்ணியா மாத்துவாரா, மாம்செல்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரால் முடியாதது என்ன இருக்கிறது என்று சொல்லி, அடுத்த கதைக்குப் போனேன்.

மறு ஞாயிறு அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றவர்கள் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முந்தின நாள் கூலி வாங்கிய கையோடு அப்பா ரம் வாங்கி வந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாராம். இவள் அதை முற்றத்தில் கொட்டி, குழாயடிக்கு ஓடி, அதே பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்து, அப்பா கோபப்பட்டு அடிக்கக் கூடாது என்று செபம் சொன்னாளாம்.

"நான் தண்ணி ஊத்திட்டேன், மாம்செல். மிச்சத்தை அவர் செய்யல."

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். கோபம் தணிந்திருந்தது. மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "பாவம், நேத்து சாயங்காலம் அது கத்துன கத்தல் தெரு முழுக்கக் கேட்டுச்சு" என்றார். தெரு முழுக்கக் கேட்டும் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். 'மிச்சத்தை அவர் பார்த்துக்கொண்டார்' என்ற இடம் வந்தால் மட்டும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் யாராவது ஒருவர் போய்க் கதவைத் தட்டியிருந்தால், அந்தப் பிள்ளை கேட்ட மிச்சம் நடந்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.