பேய்க்காட்டினது

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையை மாமி சேலைத் தலைப்பால் மூடித் தூக்கிவந்தார். மண்வெட்டியோடு நான் பின்னால் நடந்தேன். போர் முடிந்து, முகாமிலிருந்து பாப்பாமோட்டைக்குத் திரும்பியிருந்த காலம். காணி உறுதிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துபோயிருந்தது. எங்கள் வயலிலோ யாரோ வரம்பு வெட்டத் தொடங்கியிருந்தார்கள். குளக்கட்டுக்கு அப்பால், பற்றைக்குள் குப்புறக் கிடந்தது அந்தப் பலகை. கண்ணிவெடி எடுத்தவர்கள் வேலை முடிந்து மறந்துபோய் விட்டுச்சென்றது என்றே நினைத்தோம். அதை வயலில் நட்டுவிட்டு மாமி சிரித்தார்.

"இனி ஆரும் கால் வைக்கமாட்டாங்கள். கொஞ்ச நாளைக்குப் பேய்க்காட்டுவம்."

ஏமாற்றுவதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. தெரியாமல் சொன்ன பொய் பேய்க்காட்டல் ஆகாது. தெரிந்துகொண்டே, இல்லாததை இருப்பதாகக் காட்டவேண்டும். பிள்ளைக்கு மருந்தை இனிப்பென்று கொடுத்தாலும் அந்தச் சொல்தான். வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிக் காணியைச் சுருட்டினாலும் அதே சொல்தான்.

வரம்பு வெட்டியவர்கள் பிறகு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் அந்தப் பலகையைக் கண்டு பயந்து சுற்றிப்போவாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவள், அவளுக்கும் என் வயதுதான். பாவமாக இருந்தது. வெடி எடுத்து முடித்த குளக்கட்டுப் பற்றையிலிருந்து நாங்கள் தூக்கிவந்த பலகைதான் அது என்று, மாமிக்குத் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வாரம், கண்ணிவெடி அகற்றும் பொடியன் ஒருவன் எங்கள் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

"அம்மா, குளக்கட்டுக்கு அங்கால நட்ட பலகையைக் கண்டனீங்களோ? அங்க நாங்கள் இன்னும் வேலை தொடங்கேல்லை."

பக்கத்து வீட்டுக்காரி விறகுக்கு அந்தப் பக்கம் போனதைக் கண்டிருந்த மாமி குளக்கட்டை நோக்கி ஓடினார். நானும் ஓடினேன். பற்றைக்குள் இருபதடி உள்ளே, தலையில் விறகுக்கட்டோடு பக்கத்து வீட்டுக்காரி நின்றாள்.

"அசையாதை பிள்ளை! வெடி கிடக்கு!" என்று மாமி கத்தினார்.

அவள் சிரித்தாள். "என்னையுமா பேய்க்காட்டுறீங்கம்மா? எனக்குத்தான் தெரியுமே." இன்னொரு தடியை எடுக்கக் குனிந்தாள்.

மாமி உள்ளே காலை வைக்கப்போனார். சேலையைப் பிடித்து இழுத்தேன். மாமி அப்படியே மண்ணில் குந்தி, நெஞ்சில் அடித்து அழத் தொடங்கினார். அந்த அழுகையைப் பார்த்தபின்தான் அவள் முகம் மாறியது. விறகுக்கட்டு தலையிலிருந்து சரிந்தது. அது விழுந்த சத்தத்துக்கு நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

ஒன்றும் வெடிக்கவில்லை.

பின்னால் வந்த பொடியன் அவளை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டுத் தன் ஆட்களை அழைத்தான். அவர்கள் அங்குலம் அங்குலமாகத் தடவி வழி எடுத்து அவளை வெளியே கொண்டுவர அந்தி சாய்ந்துவிட்டது. அவள் குனிந்த இடத்திலிருந்து ஒரு முழத்தில் ஒன்று புதைந்து கிடந்தது.

அவர்களுடைய பொறுப்பாளர் அறிக்கை எழுதி வாசித்துக்காட்டினார்: "பலகை தவறுதலாக இடம் மாற்றப்பட்டுள்ளது."

"தவறுதலா இல்லைத் தம்பி," என்றார் மாமி. "நான் பேய்க்காட்டினனான். அப்பிடியே எழுதுங்கோ."

பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்ச் செம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பலகை பொய்யென்று அவளுக்குச் சொன்னது யாரென்று மாமி கேட்கவேயில்லை. மாமி இறந்து இப்போது நான்கு வருடம். நானும் சொல்லவில்லை.