ஒரே ஒரு இலவசக் கேள்வி

நான் வேலை செய்யும் விடுதி உரிமையாளர் சங்கத்தில் புது விதி: சந்தா கட்டாதவர்களுக்கு ஒரு கேள்விக்கு மட்டும்தான் இலவசப் பதில்.

இன்று கல்குடாவிலிருந்து ஒரு அக்கா வந்தார். வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட யோசிக்கிறாராம். விதியைச் சொன்னேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, இதில வாற வருமானத்தில எங்கட மனிசன் கட்டார் வேலைய விட்டுட்டு வந்து எங்களோட இருக்கேலுமா? சின்னவளுக்கு அவர போன்லதான் தெரியும்."

உள்ளே போய்த் தலைவரிடம் கேட்டேன்.

"அது சங்கத்துக்குரிய கேள்வி இல்லயே, பிள்ள."

"அப்ப அவட கேள்வி இன்னும் மிச்சம்தானே, சேர்?"

அவர் சிரித்தார். அனுமதிப்பத்திரம் எடுக்கும் வழி முழுவதையும் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

விடுதி நடத்துகிறவர்களே, அவருடைய முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.

என்னுடையவர் குவைத்தில். நானும் சந்தா கட்டவில்லை.