பூண்டு போடாத கிழங்கு

என் கொழுந்தன் வயிற்றுக்கடுப்பில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்த வருஷம் அது. நாங்கள் அப்போது பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கு ஆற்றை ஒட்டிய பலகை வீட்டில் குடியிருந்தோம். துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்குகிறவன் அவன். வீடு திரும்பியபோது அவனையே இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது. பிழைத்தால் வருகிற தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பதாகப் படுக்கையிலேயே முருகனிடம் சொல்லியிருந்தான். பூசம் நெருங்க நெருங்க வீட்டில் அந்த ஒரு கவலைதான். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு விரதமிருந்து, காவடியோடு மலையேறிவிடுவானா?

எதைத் தின்றாலும் வயிறு உப்பிக்கொள்ளும். பருப்பு ஆகவே ஆகாது. கஞ்சி கூடப் பொருமும். கிழங்கு கொடுத்தால் தெம்பு வருமே என்று பாசாரில் சர்க்கரைவள்ளியும் சேம்பும் வாங்கி வந்து அவித்தேன். கிழங்கு வாயுவாயிற்றே, அதற்காக ஒரு கைப்பிடி பூண்டைத் தட்டிப் போட்டேன். வாயு என்றால் பூண்டு என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த வைத்தியம். கஞ்சியிலும் பூண்டு, ரசத்திலும் பூண்டு. அவனுக்கு உப்ப உப்ப நானும் கூட்டிக்கொண்டே போனேன்.

அன்று சாயங்காலம் பாயில் சுருண்டு கிடந்தான்.

“அண்ணி, உள்ள யாரோ உறுமி அடிக்கிறாங்க.”

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “இனிமே கிழங்கை வீட்டுக்குள்ள கொண்டு வராதே. டேய், காவடியை அடுத்த வருசம் பாத்துக்கலாம்லா.”

“நான் பிழைச்சது இந்த வருசம்லா அண்ணே.”



விரதம் தொடங்கியது. வெங்காயமும் பூண்டும் அடுப்படியை விட்டுப் போயின. மத்தியானம் ஒருவேளைச் சாப்பாடு, மற்ற நேரம் பால், பழம். பூண்டும் இல்லாமல் இவன் வயிறு என்ன பாடு படப்போகிறதோ என்று எனக்குப் பயம்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் பாவ்லு என்கிற முட்டை அப்பம் சுட்டு விற்பார். சட்டிக்கு அடியிலும் கங்கு, மூடி மேலேயும் கங்கு. மேலிருந்தும் கீழிருந்தும் வேக்காடு இறங்குவதை வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் அவர் வேலை முடிந்த பிறகு, மிச்சக் கங்கைக் கேட்டேன்.

“எதுக்கு?” என்றார் மலாயில்.

“ஊபி,” என்றேன், சட்டிக்கு மேலும் கீழும் கையைக் காட்டி. மலாயில் கிழங்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பேர் போதும்.

கிழங்குக்கு எதற்கு மேல் நெருப்பு, அதென்ன பாவ்லுவா என்று சிரித்துக்கொண்டே, சிரட்டைக் கங்கை அள்ளித் தந்தார்.

தோல் சீவி, விரல் கனத்துக்கு நறுக்கி, உப்பும் கொஞ்சம் நல்லெண்ணெயும் புரட்டி, இரும்புச் சட்டியில் பரப்பி மூடினேன். மேலேயும் கீழேயும் கங்கு. மூடியைத் திறந்தபோது ஓரமெல்லாம் சிவந்து முறுகியிருந்தது. உள்ளே அழுத்தினால் வெண்ணெய்.

“மறுபடியும் கிழங்கா? அவனைக் கொல்லப் போறியா?” என்றார் வீட்டுக்காரர்.

கொழுந்தன் இலையை முன்னால் இழுத்துக்கொண்டான். “வள்ளியம்மாவே கிழங்கு தோண்டுன குழியில கிடைச்சவங்கதானே அண்ணே? இது முருகனோட மாமியார் வீட்டுச் சாப்பாடு. நீங்க வைங்க அண்ணி.”

கொஞ்சமாகத்தான் வைத்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்குமா என்று பார்ப்பது போல அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்தது. வயிறு அப்படியே இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட வைத்தேன். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. முருகன் செயல் என்றார் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் சொல்லி விளக்கேற்றினேன்.

ஆனால் மனது சும்மா இருக்கவில்லை. அவித்ததை விட்டுச் சுட்டேன். பூண்டையும் விட்டேன். இந்த இரண்டில் எது அவனைக் காப்பாற்றியது? இப்படி நோண்டுவது பாவமோ என்று விளக்கின் முன்னால் நின்று முருகனிடமே கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாமென்று சொல்லவில்லையே என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் அதே கிழங்கைப் பூண்டில்லாமல் அவித்து, அவனிடம் விஷயத்தையும் சொல்லி, முன்னால் வைத்தேன்.

“என்ன அண்ணி, முருகனையே சோதிக்கிறீங்களா?”

“முருகனை இல்ல தம்பி. பூண்டை.”

“வயிறு என்னுதுலா!”

சொல்லிக்கொண்டே தின்றான். உறுமிச் சத்தம் வரவில்லை. அப்படியானால் நெருப்பு காரணமில்லை. ஆனாலும், அவித்த கிழங்கில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது, சுட்டதே போடுங்கள் என்றான். அதன் பிறகு தினமும் மக்சிக் வீட்டுக் கங்குதான்.

பூசத்தன்று அவன் காவடியோடு முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தோம். எல்லோரும் காவடியைப் பார்த்தார்கள், நான் அவன் வயிற்றைப் பார்த்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில் சட்டென்று நின்றான். தோள் மாற்றத்தான் நின்றிருக்கிறான். மேலே போய் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, வயிற்றைத் தட்டிக் காட்டினான். நான் அழுதுவிட்டேன்.

விரதம் முடிந்த பிறகு, வீட்டுக்காரர் ஆசைப்பட்டார் என்று மீன் குழம்பு வைத்தேன். அவருக்குக் குழம்பில் முழுப் பூண்டு மிதக்க வேண்டும். கொழுந்தனுக்குத் தனியாகச் சுட்ட கிழங்கும் மோரும். அவனோ குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டான்.

“வேணாம் தம்பி.”

“பூண்டு மேல வீணாப் பழி விழக்கூடாது பாருங்க அண்ணி. நேருக்கு நேரா கேட்டுடுவோம்.”

பூண்டாகப் பொறுக்கித் தின்றான். சாயங்காலம் பாயில் சுருண்டு, முனகலும் சிரிப்புமாகக் கிடந்தான்.

“உறுமிக்காரன் வந்துட்டான் அண்ணி!”

“மலையேறுனவன் பூண்டுக்குப் படுத்துட்டான்,” என்றார் வீட்டுக்காரர். என் பக்கம் திரும்பி, “நாளைக்குக் கிழங்கு வாங்கிட்டு வரவா?” என்றார்.

பூண்டுதான் என்று தெரிந்ததில் எனக்கு முருகன் மேல் ஒன்றும் குறைந்துவிடவில்லை. விரதம் வராமல் இருந்திருந்தால் நான் பூண்டை நிறுத்தியிருக்கவே மாட்டேன். இன்னும் ஒரு கைப்பிடி கூட்டித்தான் போட்டிருப்பேன்.