கடைசியில் நிற்கும் ஆப்ஷன்

கணபதி பகுதியில், தோட்டத்து மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பதினெட்டு வருஷமாக நான்தான் புரோகிராமர். எனக்கு மேலே முதலாளி, எனக்குக் கீழே நாற்காலி. அந்த நாற்காலியை ஒரே வரியில் இழந்தேன்.

பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை முதலில் எழுதியவர் முதலாளிதான். கம்பைல் செய்யும்போது ‘ஓ-ஜீரோ’ ஆப்ஷன்தான் கொடுக்க வேண்டும் என்பார். எழுதியதை எழுதியபடியே மெஷின் மொழிக்கு மாற்று என்று பொருள். எனக்கோ ‘ஓ-டூ’ வேண்டும். அது வேண்டாததை நீக்கி வேகமாக்கும்.

“அதைய மட்டும் தொடாதீங்க.”

“சரிங்க,” என்றேன்.

எங்கள் பக்கம் மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். சரிங்க என்று சொல்லிவிட்டு நினைத்ததைச் செய்வோம். அவருடையதை நான் அழிக்கவில்லை. அதே வரியில் அதன் பின்னால் என்னுடையதைச் சேர்த்தேன். இரண்டும் முரண்பட்டால் எங்கள் கம்பைலர் கடைசியில் நிற்பதையே எடுத்துக்கொள்ளும், முனகக்கூட முனகாது. முதலாளி ஃபைலைத் திறந்தார், தன்னுடையது முதலில் நிற்பதைப் பார்த்துத் தலையாட்டினார். என் சாமர்த்தியத்தை மெச்சி, பேக்கரியில் எனக்கு நானே ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன்.

கரண்டு வந்ததும் வோல்டேஜ் நிலைக்கும்வரை பெட்டி பத்து வினாடி காத்திருக்க வேண்டும். அதற்காக முதலாளி, சும்மா எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு லூப் எழுதியிருந்தார். எண்ணி என்ன ஆகப்போகிறது என்று என் ஆப்ஷன் அதைத் தூக்கிவிட்டது. ஆபீஸ் மேஜையில் சோதித்தபோது கரண்டு சீராக வந்ததால் ஒன்றும் தெரியவில்லை. தொண்டாமுத்தூரில் வோல்டேஜ் நிலைக்கும் முன்பே மோட்டார் ஓடி, மூன்று தோட்டங்களில் காயில் எரிந்தது.

“என்ற ஆப்ஷன் மொதல்ல இருக்குதுங்களே, அப்பறம் எப்படிங்க?” என்றார் முதலாளி.

“கடைசில இருக்கறதுதானுங்க செல்லும்.”

“அது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?”

தெரியாது என்றால் முட்டாள் என்ற பேரோடு தப்பியிருப்பேன். அதற்கான முகவெட்டும் எனக்கு உண்டு. அன்றைக்கென்று பார்த்து கௌரவம் வந்துவிட்டது.

“தெரியுமுங்க.”

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“நாளைல இருந்து பேக்கிங்கைப் பாத்துக்குங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்க.”

குடித்தேன்.

இப்போது பேக்கிங்கில் இருக்கிறேன். நான் டேப் ஒட்டி முடித்த அட்டைப்பெட்டியை அவர் பிளேடால் கீறித் திறந்து, உள்ளே பார்க்கிறார். பிறகு திரும்ப ஒட்டச் சொல்லி என்னிடமே நீட்டுகிறார்.